ஒற்றைப்படை வீடுகள்

உக்காருங்க டீச்சர். அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும், எங்க வீட்டுக்காரருக்கு மட்டும்தான் அதுல உக்காரத் தெரியும். இப்படி ஃபேனுக்குக் கீழ வாங்க. பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தறதோட விடாம உங்களை வீடு வீடா கணக்கெடுக்க அனுப்பிட்டாங்க பாருங்க, மணி நாலரை ஆகியும் வெயில் இறங்கல. மோர் தரேன், குடிச்சுட்டு எழுதலாம்.

பேரு பத்மலோசனி. வயசு அம்பத்தேழு. தொழில்னு இருக்கற கட்டத்துல குடும்பத்தலைவின்னு போட்டுடாதீங்க. மூணாவது குறுக்குத் தெரு குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்னு போடுங்க. இடம் பத்தாதா? பொடி எழுத்தா எழுதுங்க. பதினாலு வருஷமா நான்தான் செயலாளர். ஒரு தடவைகூட எனக்கு எதிரா யாரும் நின்னதில்ல. கூட்டத்துக்கே யாரும் வர்றதில்ல, அவ்வளவு நம்பிக்கை என்மேல.

அடுத்தது ஏரியா பேரு, வீட்டு நம்பர். அங்கதான் கொஞ்சம் பொறுக்கணும் நீங்க. உங்களுக்கு அது ஒரு கட்டம், எழுதிட்டுப் போயிடுவீங்க. நான்தானே அதுக்குள்ள குடியிருக்கணும். எதிர் வரிசையை முடிச்சுட்டுத்தானே வரீங்க? பார்த்தேன். நீல கேட்டு வீட்டுல கால் மணி நேரம் இருந்தீங்க. பார்க்கணும்னு பார்க்கல, ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கு. அங்க ஏரியா பேரு என்ன சொன்னாங்கன்னு நான் கேக்க மாட்டேன். அது முறையில்ல.

இந்த இடத்துக்கு ஆதியிலேர்ந்தே கொக்குக்குட்டைன்னு பேரு. நாங்க வீடு வாங்கி இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு, ஒரு கொக்கை நான் பார்த்ததில்ல. குட்டையும் இல்ல, அது இருந்த இடத்துல டயர் கடை இருக்கு. பேரு மட்டும் போக மாட்டேங்குது. கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிக்கும்போதே எனக்கு மனசு வரல. 'பிருந்தாவன் அவென்யூ அருகில்'னு போட்டுட்டேன். எங்க சொந்தக்காரங்க பாதிப் பேரு பிருந்தாவன் அவென்யூக்குள்ள போய் சுத்து சுத்துன்னு சுத்தி, ஹோமம் முடிஞ்சு பந்தி போடற நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தாங்க. இருந்தாலும் நல்ல ஏரியான்னு சொல்லிட்டுப் போனாங்க.

பிருந்தாவன் அவென்யூ ஒண்ணும் தூரமில்ல. நம்ம தெரு முடியற இடத்துல அது ஆரம்பிக்குது. அங்க ஒரு பார்க் இருக்கு, நடக்கறதுக்குன்னே கல்லு பதிச்ச பாதை. டாக்டர் என்னை தினம் நடக்கச் சொன்னார். சரின்னு ஒரு நாள் காலைல வெள்ளை ஷூவை மாட்டிக்கிட்டுப் போனேன். வாட்ச்மேன் நிறுத்தி, எந்த ஏரியாம்மான்னு கேட்டான். எனக்குப் பொய் வராது, சொன்னேன். அவன் கையால போர்டைக் காட்டினான். பகுதிவாசிகளுக்கு மட்டும்னு எழுதியிருக்கு. எனக்குப் பின்னால ஒரு அம்மா நாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நாய் உள்ள போச்சு டீச்சர். நான் வெளியில நின்னேன்.

அன்னிலேர்ந்து எனக்கு அது ஒரு உறுத்தல். நடக்கறதுக்கு வேற இடமா இல்லன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டார். நடக்கறதைப் பத்தியா நான் பேசறேன்? அவருக்கு இதெல்லாம் புரியாது. நல்ல மனுஷன், ஆனா எதையும் மனசுல போட்டுக்க மாட்டார்.

அப்பத்தான் வார்டு எல்லையெல்லாம் மாத்தி வரையப் போறாங்கன்னு கார்ப்பரேஷன்ல நோட்டீஸ் ஒட்டினாங்க. பெரிய வரைபடம், வார்டு வார்டா கலர் அடிச்சு. ஆட்சேபணை இருந்தா முப்பது நாளைக்குள்ள எழுதித் தரலாம். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் அது முன்னால நின்னேன். நம்ம தெரு பூராவும் கொக்குக்குட்டை வார்டுல மஞ்சளா இருக்கு. பிருந்தாவன் அவென்யூ அடுத்த வார்டு, பச்சை. நடுவுல ஒரு கறுப்புக் கோடு, அது நம்ம தெரு முனையோட போகுது. கோடுதானே? சுவரா என்ன? கொஞ்சம் தள்ளிப் போட்டா யாருக்கு என்ன நஷ்டம்னு தோணிச்சு.

ஒரு டப்பா ஜாங்கிரி வாங்கிக்கிட்டு பிருந்தாவன் சங்கத் தலைவர் வைகுண்டராமன் சாரைப் போய்ப் பார்த்தேன். பாங்க் மேனேஜரா இருந்து ரிட்டயரானவர், ரொம்ப மரியாதையான மனுஷர். தெரு பூரா வந்தா எங்க உறுப்பினர்கள் ஒத்துக்க மாட்டாங்கம்மா, பதினாறு வீடு ஜாஸ்தி, வேணும்னா ஒரு வரிசையைக் கேளுங்க, நாங்க ஆட்சேபணை பண்ணாம இருக்கோம்னார். எந்த வரிசைன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்கன்னு எனக்கே விட்டுட்டார். நான் யோசிக்கவே இல்ல. செயலாளர் எந்த வரிசைல இருக்காங்களோ அந்த வரிசைதானே முறை?

எதிர் வரிசைல யாரெல்லாம் இருக்காங்கன்னு இப்ப உங்களுக்கே தெரியும். அந்த நீல கேட்டு ஜெசிந்தா. அவ வீட்டுக்காரர் மரியசெல்வம், துறைமுகத்துல கிரேன் ஓட்டறார். எனக்கும் அவளுக்கும் பெரிசா ஒண்ணுமில்ல, சும்மா எதிர் வீட்டுப் பழக்கம். எங்க வீட்டுச் சாவி ஒண்ணு அவகிட்ட இருக்கும். அவங்க போர்ல உப்புத் தண்ணி, எங்களுது நல்ல தண்ணி, அதனால இங்கேர்ந்து தெருவைத் தாண்டி ஒரு ஹோஸ் போட்டு விட்டிருந்தோம். எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தப்ப மரியசெல்வம்தான் அள்ளித் தூக்கிக்கிட்டு ஓடினார். ஜெசிந்தா நாலு நாள் ஆஸ்பத்திரி வராந்தாலயே என்கூட உக்காந்திருந்தா. அப்புறம் சாயங்காலமானா கீரை. அஞ்சு மணிக்குக் கீரைக்காரி வருவா. ஆளுக்கு ஒரு கட்டு வாங்கி, காம்பவுண்டு சுவர் ஓரமா ரெண்டு ஸ்டூலைப் போட்டு உக்காந்து ஆய்வோம். ஒரு மணி நேரம் ஆகும். கீரைக்கு அவ்வளவு நேரம் ஆகாது, பேச்சுக்கு ஆகும். அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணுமில்ல.

மனு எழுதின அன்னிக்குக்கூட முருங்கைக்கீரை ஆஞ்சோம். நான் அவகிட்ட சொல்லல. மறைக்கணும்னு இல்ல டீச்சர், சங்கத்து விஷயம் வெளியில போகக் கூடாது. அவளும் சங்கத்துல உறுப்பினர்தான். இருந்தாலும்.

மனுவை நானே என் கையெழுத்துல எழுதினேன். மூணாவது குறுக்குத் தெருவில் உள்ள ஒற்றைப்படை எண் வீடுகளைப் பிருந்தாவன் அவென்யூ இருக்கும் வார்டில் சேர்த்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்னு. எங்க வரிசைல மத்த ஏழு வீட்டுலயும் கையெழுத்து வாங்கினேன், யாரும் படிச்சுப் பார்க்கல. எங்க வீட்டுக்காரர் மட்டும் படிச்சுட்டு, பழைய நம்பரா புது நம்பரான்னு கேட்டார். எல்லாம் எனக்குத் தெரியும்னு வாங்கி மடிச்சு வச்சேன்.

நம்பர் விஷயம் உங்களுக்குச் சொல்லணும். மெட்ராஸ்ல எந்தத் தெருவுலதான் ஒரே நம்பர் இருக்கு, பழசு ஒண்ணு புதுசு ஒண்ணு. எங்க வீடு பழைய நம்பர் ஒன்பது. ஒன்பதுன்னா எவ்வளவு ராசியான எண். அப்புறம் ஒரு வருஷம் வந்து தெருவோட அந்த முனையிலேர்ந்து எண்ண ஆரம்பிச்சு, எங்களுக்கு எட்டுன்னு தகரத்துல அடிச்சுட்டுப் போயிட்டாங்க. எட்டு. சனியோட நம்பர். எங்க வீட்டுக்காரர் பிறந்த தேதியும் பதினேழு, கூட்டினா எட்டு. வீட்டுக்கும் எட்டு ஆளுக்கும் எட்டுன்னா தாங்குமா? தகரத்தைப் பிடுங்கினா தப்பாயிடுமேன்னு அதுமேல ஒரு மணிபிளாண்ட் தொட்டியை மாட்டிட்டேன். வரும்போது பார்த்திருப்பீங்களே, கேட்டுக்குப் பக்கத்துல செழிப்பா இருக்கே, அதுதான். தபால், சிலிண்டர், எல்லாத்துக்கும் நான் ஒன்பதுதான். தெருவுல மத்தவங்க எல்லாம் எப்பவோ புது நம்பருக்கு மாறிட்டாங்க.

ஒரு முனையிலேர்ந்து எண்ணினா இடது கைப் பக்கம் ஒற்றைப்படை, வலது கைப் பக்கம் இரட்டைப்படை. எதிர் முனையிலேர்ந்து எண்ணினா என்ன ஆகும்? நீங்க கணக்கு டீச்சரா? பார்த்தீங்களா, நீங்க டக்குன்னு சிரிச்சுட்டீங்க. எனக்கு அது ரெண்டு மாசம் கழிச்சு, திருத்தின வரைபடத்தை ஒட்டினப்பத்தான் புரிஞ்சுது.

பார்த்தா எதிர் வரிசை பச்சை. எங்க வரிசை மஞ்சள். கறுப்புக் கோடு நம்ம தெரு நடுவுல, வகிடு எடுத்த மாதிரி நேரா போகுது. நான் கேட்டதை அப்படியே செஞ்சு கொடுத்திருக்காங்க, அவங்கமேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. எங்க வீட்டுக்காரர் அதைப் பார்த்துட்டு ம்னு மட்டும் சொன்னார். இத்தனை வருஷத்துல அவர் சொன்னதுலயே பெரிய ம் அதுதான்.

அடுத்த வாரமே எதிர் வரிசைக்கு பிருந்தாவன் சங்கத்திலேர்ந்து வரவேற்புக் கடிதம் வந்துச்சு. கூடவே பார்க்குக்குள்ள போக அட்டை, வீட்டுக்கு ஒண்ணு. எங்க வரிசைப் பக்கம் தபால்காரர் திரும்பிக்கூடப் பார்க்கல. சரி, இதுவரைக்கும் சிரிச்சுட்டு விட்டுடலாம். ஆனா அந்த வரைபடத்துக்குப் பக்கத்துல, எதனால திருத்தினோம்னு காட்டறதுக்கு, என் மனுவோட நகலையும் ஒட்டியிருந்தாங்க. கீழ என் பேரு, என் கையெழுத்து. ஒற்றைப்படைன்னு எழுதினவளுக்கு எந்த வரிசை வேண்டியிருந்துச்சுன்னு தெரு பூரா புரிஞ்சு போச்சு. என்னோட ஒன்பதைப் பத்தித்தான் எல்லாருக்கும் தெரியுமே.

அன்னிக்குச் சாயங்காலம் ஜெசிந்தா வந்தா. கையில கீரை இல்ல. ஸ்டூல்ல உக்காரவும் இல்ல. "அக்கா, எங்க வரிசையை விட்டுட்டா எழுதினீங்க?"ன்னு கேட்டா. நான் உள்ளதைச் சொன்னேன். அவங்க ஒரு வரிசைதான் எடுப்போம்னாங்க, நான் என்ன பண்றதுன்னேன். இதுல என்ன தப்பு, சொல்லுங்க? அவ திரும்பி கேட்டைத் திறந்தா. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, உங்க வரிசையையே எடுத்துக்கச் சொல்லி முதல் கையெழுத்து நான் போட்டிருப்பேனேக்கா"ன்னா. போயிட்டா. மறுநாள் காலைல பார்த்தா அந்த ஹோஸ் பாம்பு மாதிரி அழகா சுருட்டி எங்க வாசல்ல இருக்கு.

இன்னும் முடியல. அந்த மாசக் கடைசில மண்டல அலுவலகத்துல கருத்துக் கேட்புக் கூட்டம். யார் வேணா போய்ப் பேசலாம். நான் பட்டுப்புடவை கட்டிக்கிட்டுப் போனேன், நம்பரை மாத்தி எழுதிட்டோம், வரிசையை மட்டும் மாத்திப் போடுங்கன்னு கேக்கறதுக்கு. எதிர் வரிசைல ஆம்பளை பொம்பளைன்னு இருபது பேர் வந்திருந்தாங்க. என் முறை வந்து நான் எழுந்து நிக்கறேன். அந்த அதிகாரி மனுவைக் கையில வச்சுக்கிட்டு, நல்லா இருக்கற ஒரு தெருவை நடுவுல ரெண்டாக்கச் சொல்லி எழுதினது யாருங்கன்னு கேட்டார். பதினாலு வருஷமா மைக்கைக் கொடுத்தா விட மாட்டேன் நான். அன்னிக்கு ஒரு வார்த்தை வரல. நம்பர் தப்புன்னு சொல்லத்தானே போனேன்? அவர் நம்பரைப் பத்திக் கேக்கவே இல்லையே.

ஜெசிந்தா எழுந்தா. "தெருவே சேர்ந்து எழுதினது சார். யோசிக்காம எழுதிட்டோம். எங்களைப் பிரிக்க வேணாம், மொத்தத் தெருவும் கொக்குக்குட்டையிலயே இருந்துக்கறோம்"னா. அவங்க வரிசை மொத்தமும் தலையாட்டிச்சு. பார்க் அட்டையெல்லாம் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வந்திருந்தா, கூட்டத்துக்கு வந்திருந்த வைகுண்டராமன் சார்கிட்ட அங்கேயே கொடுத்துட்டா. வலிய வந்த அதிர்ஷ்டத்தை யாராவது அப்படித் திருப்பிக் கொடுப்பாங்களா? பைத்தியக்காரி. அந்த அதிகாரி சந்தோஷமா எழுதிக்கிட்டார். கோடு மறுபடி தெரு முனைக்கே போயிடுச்சு.

திரும்பி வரும்போது ஒரே ஷேர் ஆட்டோ. எனக்கு நேர் எதிர்ல உக்காந்திருந்தா, முழங்கால் இடிக்குது, வெளியில பார்த்துக்கிட்டே வந்தா. அதோட சரி, ஏழு மாசம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை ஏழே காலுக்கு சர்ச்சுக்குப் போறா, புதன்கிழமை மாவு அரைக்கப் போறா, போன வாரம் ரெண்டு நாள் வெளியிலயே வரல, ஜுரம்னு நினைக்கறேன், மரியசெல்வம் ரொட்டி வாங்கிட்டுப் போனார். எனக்கு ஒண்ணும் அதைப் பத்திக் கவலையில்ல. ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கறதால தெரியுது.

கோபம்னா வந்து திட்டலாமில்ல? திட்டினா நானும் ரெண்டு வார்த்தை பேசி அன்னிக்கே முடிச்சிருப்பேன். அத்தனை பேர் முன்னால என்னைக் காப்பாத்தி விட்டுட்டுப் பேசாம இருக்கா. அதுக்கு என்ன பதில் சொல்றது டீச்சர்? நானா போய்ப் பேசலாம்தான். போய் என்னன்னு சொல்ல? நம்பர்தானே தப்பாச்சு, நானா தப்பு பண்ணினேன்? இப்பல்லாம் கீரையே வாங்கறதில்ல. கீரை எனக்கு ஒத்துக்க மாட்டேங்குது.

சரி, கட்டத்துக்கு வருவோம். ஏரியா பேருக்கு மூணாவது குறுக்குத் தெருன்னு மட்டும் போட முடியாதா? தெருவுக்குத் தனிக் கட்டமா. அப்ப பிருந்தாவன் அவென்யூ அருகில்னு போடலாமா? சும்மா கேக்கறேன், நீல கேட்டுல என்ன பேரு சொன்னா? சரி சரி, சொல்ல வேணாம், முறையில்லன்னு நானே சொன்னேனே.

இருங்க, ஃபேன் காத்துல உங்க பேப்பரெல்லாம் பறக்குது. நீங்க குனியாதீங்க, நான் எடுக்கறேன். இந்தாங்க. நான் ஒண்ணும் பார்க்கல.

பார்த்துட்டேன். இது அவளோடதுதானே? அடையாளம்னு ஒரு கட்டம் இருக்கே. 'செயலாளர் அக்கா வீட்டுக்கு நேர் எதிரே.' இது நீங்களா எழுதினீங்களா, அவ சொன்னாளா? அவ சொன்னபடியேவா? அக்கான்னு சொல்லியேவா சொன்னா? பக்கத்துல தண்ணித் தொட்டி இருக்கு டீச்சர், இந்த ஏரியாவுக்கே அதுதான் அடையாளம். டயர் கடை இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு இதையா சொன்னா.

ஒரு நிமிஷம். மோரைக் குடிங்க, நான் இங்கதான் இருக்கேன்.

எழுதிக்கங்க. ஏரியா, கொக்குக்குட்டை. அருகிலெல்லாம் வேணாம், கொக்குக்குட்டைன்னே போடுங்க. வீட்டு நம்பர் எட்டு. ஆமா, புது நம்பர்தான், தொட்டியைத் தூக்கிப் பார்த்தா இருக்கும். பழைய நம்பருக்குக் கட்டம் இருந்தா ஒரு கோடு போட்டுடுங்க. அடையாளம், ஜெசிந்தா வீட்டுக்கு நேர் எதிரே. நீல கேட்டுன்னு எழுதாதீங்க, பேரையே போடுங்க. நான் அவகிட்ட கேக்கல, என்னைக் கேக்காம என் பேரை எப்படிக் கொடுத்தன்னு வேணும்னா வந்து சண்டை போடட்டும். வந்தா சரி.

மணி அஞ்சாயிடுச்சா? ஏங்க, உள்ள என்ன பண்றீங்க, கீரைக்காரி தெருவைத் தாண்டிட்டாளான்னு கொஞ்சம் பாருங்க. இருந்தா ரெண்டு கட்டு வாங்குங்க. வரும்போது அந்த இன்னொரு ஸ்டூலையும் தூசி தட்டி எடுத்துட்டு வாங்க.